பரந்தனிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

நலம். பெரும்போக அறுவடை முடிந்துவிட்டது. கடைசி நாட்களில் மழை பெய்ததால் நெல்லைத் தெருவோரம் காயப்போட்டிருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைப்போலத்தான்.

உன் மகள் சர்வதேச உறவுகள் படிப்பது பெரிய சந்தோசம். மனிதப் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு நிரப்பினால் எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறாள். 2001இல் அரசியல் அறிஞர் ரோலண்ட் பாரிஸ் எழுப்பிய கேள்வியும் அதுதான். நாடு பாதுகாப்பாக இருப்பதும் அதிலுள்ள மனிதர் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல என்று உனக்கும் எனக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1994 ஐ.நா. மனித அபிவிருத்தி அறிக்கையில் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் உணவு, சுகாதாரம், சூழல் என்று ஏழு வகையாக மனிதப் பாதுகாப்பை விரித்தார். பிறகு கனடாவும் நோர்வேயும் பயத்திலிருந்து விடுதலை என்பதைப் பிடித்துக்கொண்டன. ஜப்பான் வறுமையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றது. கனடா, நோர்வே போலப் பயத்தோடு குறுக்கிப் பார்த்தவர்களின் முயற்சியில்தான் 1997இல் ஒட்டாவாவில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கை கைச்சாத்தானது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இலங்கை அதில் சேர 2017 டிசெம்பர் ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்காவைப் பற்றி அவளுக்குச் சொல். கணவர் போரில் போய்விட்டார். அக்கா முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றப் போகிறார். விடியப்புறம் வாகனம் வரும். வெயிலுக்குள் முகக்கவசத்தோடு முழங்காலிட்டு மண்ணை மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். பிள்ளைகளின் படிப்பும் கிழமை லோனும் அந்தச் சம்பளத்தில்தான். பயமில்லையா என்று போன கிழமை கேட்டேன். "வெடிக்குப் பயமில்லை தம்பி, காணியெல்லாம் துப்புரவாகி வேலை முடிஞ்சிடுமோ எண்டதுதான் பயம்" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு பயம் தீருகிற அன்றே அடுப்பு அணைந்துவிடும் என்றால், அதை எந்த வகைக்குள் எழுதுவது? பாரிஸ் கேட்ட வரிசை தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். அதை யார் போடுவது என்பதுதான் என் கேள்வி. சடாகோ ஒகாட்டாவும் அமர்த்தியா சென்னும் தலைமை வகித்த மனிதப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் 2003 அறிக்கை, மக்களைப் பாதுகாப்பதோடு அவர்கள் தாங்களே நிற்கும் வலுவையும் கொடுக்க வேண்டும் என்றது. நான் அந்த இரண்டாவதன் பக்கம். வரிசையை அக்கா போடட்டும்.

மகள் லீவுக்கு வந்தால் அக்காவோடு கதைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார். சரி, மழை இருட்டுகிறது, நெல்லை அள்ள வேண்டும்.

உன் பழைய நண்பன்