மோட்டார் ஓடுகிறது, பாப்பா

பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

போனில் "நல்லா இருக்கேன்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. வயல் மோட்டாரில் கரகரவென்று சத்தம் வருகிறது என்றேன் இல்லையா, பேரிங்தான். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அதுவரை குறுவை நாற்றங்காலுக்கு இந்த மோட்டாரை விட்டால் வேறு வழியில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பொங்கலுக்கு வந்தபோது உன் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வைண்டிங் கடைக்காரர் மூடியைக் கழற்றி, புல்லர் போட்டுப் பழைய பேரிங்கை இழுத்தார். நம்பர் தேய்ந்து 62 மட்டும்தான் தெரிந்தது. 6205 ஆகத்தான் இருக்கும் என்றார். நான் விடவில்லை, அளந்து பாருங்கள் என்றேன். வெர்னியரில் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, கனம் 16 மில்லிமீட்டர். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் சாஃப்ட், அதாவது சுழலும் தண்டின், அளவு வரும் என்று நீ டிப்ளமோ படிக்கும்போது திண்ணையில் சத்தம் போட்டுப் படித்தாயே, அது எனக்கு மறக்குமா? ஆறைந்து முப்பது, அப்படியானால் 6206 என்று நானே சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் பெண் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறாள் என்றேன். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

மன்னார்குடியில் ஒரு கடையில் பெட்டி இல்லாமல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள், எழுத்து கையில் தேய்த்தாலே போகிறது. வேண்டாம் என்று வடுவூர் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் வாங்கினேன். பின்பக்கத்துப் பேரிங்கில் சி3 என்று, அதாவது உள்ளே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டது என்று, தெளிவாக இருந்ததால் அதையே கேட்டேன். ஓடும்போது சாஃப்ட் சூடாகி உள்வளையம் விரியும், உள்ளே கூடுதல் இடம் இல்லாவிட்டால் குண்டு இறுகிவிடும், மோட்டாருக்கு அதுதான் சரி என்று கடைக்காரரும் சொன்னார். இரண்டு பக்கமும் தகடு மூடிய இசட்இசட்.

மாட்டும்போது பட்டறைப் பையன் சுத்தியலை எடுத்து வெளிவளையத்தில் அடிக்கப் போனான். நிறுத்தப்பா என்று கத்திவிட்டேன். அந்த அடி குண்டு வழியாகத்தான் உள்ளே இறங்கும், பாதையில் பள்ளம் விழுந்து புதுப் பேரிங்கே சத்தம் போடும். உள்வளையத்தில் மட்டும் உட்காரும் குழாயை வைத்துத் தட்டச் சொன்னேன். பம்பு பக்கத்துச் சீல் ஒழுகித் தண்ணீர் உள்ளே போனதால்தான் இவ்வளவும். சீலையும் மாற்றியாயிற்று, இல்லாவிட்டால் இதுவும் சீக்கிரமே போயிருக்கும்.

அத்தை போன் செய்தாள். உங்கள் பீளமேட்டு வீட்டுப் பக்கம் போனாளாம், விளக்கே எரியவில்லையாம். நீ கம்பெனியில் இருந்திருப்பாய் என்றேன். நான் எதையும் கேட்கவில்லை பாப்பா. ஆனால் எதுவாக இருந்தாலும் ஊர் வாயிலிருந்து எனக்கு வரக்கூடாது, உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சின்ன வயதிலேயே நீ எவ்வளவு பார்த்துக்கொண்டாய், உன்னால் முடியாதது எதுவும் இல்லை, அதுக்காக எல்லாவற்றையும் தனியாகவே சுமப்பதா? கீழத்தெரு சின்னம்மா கதை உனக்குத் தெரியும். அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. நம் வீடு அப்படி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்திருக்காதே.

பின்பக்கப் பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுமா என்று உனக்குத்தான் தெரியும். கையால் சுற்றினால் சத்தம் இல்லை, லேசாக ஆட்டம் இருக்கிறது. நேரில் பார்த்துச் சொன்னால் நல்லது. ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மன்னார்குடி. டிக்கெட்டை இங்கேயே போட்டுவிடுகிறேன், ஒன்றா, இரண்டா என்று மட்டும் சொல்.

அம்மா