எங்கள் தெரு கட்டிய சாப்பர் சைக்கிளுக்காக ஒரு நன்றி மடல்

அம்பத்தூரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு காலையில், முன்பக்கம் நீண்டு ஹேண்டில் உயர்ந்து நிற்கும் அந்த நீளமூக்கு சாப்பர் சைக்கிளை முதல்முறையாக மெயின் ரோடு வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். நீங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள். அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் வந்து சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது, பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி அக்காவுக்கு. அரசுப் பள்ளியில் 11-ஆம் வகுப்பில் கொடுத்த இலவச சைக்கிள் அது. காலேஜ் முடிகிற வரை அதில்தான் போய்வந்தாள். "வெட்டப் போறியாடா?" என்று கேட்டாள். சீட்டில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் பூட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். பின்சக்கரம், செயின், பெடல் எல்லாம் இன்னும் அவளுடையதுதான் அக்கம்பக்கத்தாரே, நான் தொடவே இல்லை.

காயலான் கடை அண்ணாச்சிக்கு அடுத்து. மூன்று மாதமாக எனக்கென்று ஒரு சாக்கைத் தனியாக வைத்திருந்தார். 24 இஞ்ச் முன்சக்கரம், இன்னொரு சைக்கிளின் போர்க் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவை), பழைய பைக் ஒன்றின் உயரமான ஹேண்டில்பார், லூனா சீட் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. எடைக்கு மட்டும் காசு வாங்கினார். தேடி எடுத்ததற்கு வாங்கவில்லை.

இனி சொல்லப்போவது சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் தாத்தாவைப் பற்றி. அவர் இல்லையென்றால் இந்த வண்டி ஓடியிருக்காது. ஓடியிருந்தாலும் நான் எங்காவது விழுந்திருப்பேன்.

போர்க்கை எட்டு இஞ்ச் நீட்டி, முதல் ஜாயின்ட்டை நானே ஆர்க் வெல்டிங்கில் ஒட்டியிருந்தேன். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். தாத்தா ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார், காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "வெட்டிடு" என்றார். ஒரே வார்த்தை. ஒன்றரை மில்லிகூடத் தடிமன் இல்லாத பைப்பில் என் வெல்டிங் உள்ளே ஓட்டை போட்டிருந்தது. மேலே பார்த்தால் தெரியவில்லை. மனம் நோகுமே என்று பார்த்து அவர் "நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதோடு விடவில்லை. கொத்தனார் மாமாவிடமிருந்து தூக்குக்குண்டை வாங்கிவரச் சொன்னார். ஹேண்டில் தண்டு சாய்ந்திருக்கும் கோட்டிலேயே ஒரு நூலைத் தரை வரை இழுத்து, அது தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். முன்சக்கரத்தின் அச்சிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே 18 செ.மீ. சாதாரண சைக்கிளில் 5 முதல் 7 தான் இருக்கும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சரிந்து விழுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. போர்க்கை நீட்டியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு தண்டு தரையிலிருந்து 60 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டது, இடைவெளி பெருகிவிட்டது. சாதா சைக்கிளில் போர்க்கின் நுனி முன்னால் வளைந்திருப்பது அழகுக்காக என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்; இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் அந்த வளைவு. அச்சு உட்காரும் தட்டை 8 செ.மீ. முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார். இடைவெளி ஒன்பதுக்குள் வந்தது. இப்போது ஒரு கையை விட்டும் ஓட்ட முடிகிறது.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் 1970-ல் பிள்ளைகளுக்காக 'சாப்பர்' சைக்கிளைக் கொண்டுவந்த நாட்டிங்காம் ராலே கம்பெனி அப்போது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கையில் இருந்தது. அதே குழுமமும் முருகப்பா குடும்பமும் சேர்ந்து 1949-ல் தொடங்கியதுதான் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். "நீ ஒண்ணும் வேத்து வண்டி கட்டல, சொந்தக்கார வண்டிதான்" என்றார் தாத்தா.

வெல்டிங் பட்டறை அண்ணனுக்கு என் நன்றி. நான் கொண்டுபோன ஜி.ஐ. பைப்பைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிட்டார். மேலே பூசியிருக்கும் துத்தநாகம் எரிந்து வரும் புகையை இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும் என்று சொல்லி, பூச்சு இல்லாத பைப்பைத் தன் பட்டறையிலிருந்தே எடுத்தார். ஜாயின்ட்டுக்கு உள்ளே நாலு இஞ்ச் பைப்பைச் சொருகி, கேஸில் பித்தளை ஓடவிட்டு ஒட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்து கொடுத்த வேலை அது.

சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்து, முன்பிரேக்குக்கு நீளமான கேபிளும் தேடித்தந்த சைக்கிள் கடை பாய்க்கு நன்றி. லூனா சீட்டுக்கு ரெக்சின் தைத்துக் கொடுத்த டைலர் அக்காவுக்கு நன்றி. இரவு ஒன்பது மணிக்கு மேலும் கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட மாடி வீட்டு அத்தைக்கும் மாமாவுக்கும், சின்னக் குழந்தை இருந்தும் ஒரு நாள்கூட முகம் சுளிக்காததற்கு, பெரிய நன்றி.

கொத்தனார் மாமா, உங்கள் தூக்குக்குண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு சைக்கிளிலேயே கொண்டுவந்து தருகிறேன். வீட்டில் இருங்கள். முதல் ரவுண்டு தாத்தாவுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன், அடுத்தது உங்களுக்கு.