சாலை போகாத ஊர்

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பயணம் என்றாலே நயாகரா, நியூயார்க் என்றுதான் எழுதுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டெஹீகின் என்றொரு குட்டி ஊர் இருக்கிறது. அதைப் பற்றியும் நாலு வரி எழுதலாமே.

ஷெலான் ஏரியின் வட முனையில் மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. 80 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியில் படகேறிப் போக வேண்டும். இல்லையென்றால் சிறு நீர்விமானம், அதுவும் முடியாதென்றால் மலைப்பாதையில் நடை. ஏரியின் ஆழம் 450 மீட்டருக்கும் மேல். எட்டிப் பார்க்கவே கொஞ்சம் தைரியம் வேண்டும்!

ஊருக்கு நகராட்சி இல்லை, மேயரும் இல்லை. நம்மூர்க் குக்கிராமத்துக்காவது ஊராட்சி உண்டு. இங்கே நிர்வாகமெல்லாம் ஷெலான் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கையில். சுற்றிலும் உள்ள காடு பெரும்பாலும் தேசியப் பூங்காத் துறையுடையது. குளிர்காலத்தில் நூறு பேர்கூடத் தங்குவதில்லை. மளிகைப் பட்டியலை எழுதி அக்கரைக்கு அனுப்பினால் சாமான் படகில் வந்து சேரும். செல்போன் சிக்னல் கிடையாது. ஊருக்குள் சில கிலோமீட்டருக்குச் சாலை உண்டு, அதில் ஓடும் கார்களும் படகில் வந்தவைதான்.

கிட்டத்தட்ட 95 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ரெயின்போ அருவியும், 1921-ல் மரக்கட்டைகளால் கட்டிய ஒற்றை அறைப் பள்ளியும் பார்க்க வேண்டியவை. அப்புறம், அந்த ஊர் பேக்கரியின் இலவங்கப்பட்டை ரொட்டி. அதற்குத் தனிக் கடிதமே எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி