குமரியின் பழைய ஆவணங்கள் குமரியிலும் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகர்களுக்கான இரண்டு நாள் மாநாடு ஒன்றில் கலந்துகொள்வதற்காக அண்மையில் திருவனந்தபுரம் சென்றிருந்தேன். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று பேசிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடும் ஊர் அது. மருத்துவத்துக்கும் விமானத்துக்கும் கல்யாணத் துணி எடுப்பதற்குமாக நம் மாவட்டத்தார் அங்கே போகாத நாளில்லை. நானும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால், 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேரும் வரை நம்மை ஆண்ட தலைநகரம் இது என்ற நினைவோடு அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தது இதுவே முதல் முறை. அங்கே கண்டவற்றையும், அதையொட்டி இரு மாநில அரசுகளின் முன்னும் வைக்க விரும்பும் ஒரு வேண்டுகோளையும் தங்கள் நாளிதழ் வழியாகப் பகிர்ந்துகொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

மாநாட்டில் பெரிதும் பேசப்பட்டது பழைய தாள்களையும் ஓலைகளையும் மின்னுருவாக்கம் செய்து காப்பது பற்றி. கட்டுரைகளைவிட என் மனத்தில் நின்றது முதல் நாள் மாலை நடந்த செய்முறை விளக்கம்தான். புழுதி படிந்து எழுத்தே தெரியாதிருந்த ஓர் ஓலையை எடுத்து, புல்தைலம் தோய்த்த பஞ்சால் நரம்பின் போக்கிலேயே மெல்லத் துடைத்து, அதன்மேல் விளக்குக் கரியை விரலால் தேய்த்து மீண்டும் துடைத்தபோது, ஆணியால் கீறிய பள்ளங்களில் மட்டும் கரி தங்கி எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எங்களையும் ஆளுக்கோர் ஓலை செய்து பார்க்கச் சொன்னார்கள். இரவு உணவுக்கு உட்கார்ந்தபோதும் அந்தத் தைலத்தின் மணம் என் விரல்களை விட்டுப் போகவில்லை.

மறுநாள் பிற்பகல் அமர்வு முடிந்ததும் கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்குச் சென்றேன். அங்கே 2022 டிசம்பரில் கேரள அரசு ஓலைச்சுவடிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறது. அந்தக் காப்பகத்தில் உள்ள ஓலைகளின் எண்ணிக்கை ஒரு கோடிக்கும் மேல். நூற்றுக்கணக்கான ஓலைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்குச் சுருணை என்று பெயர். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகிய பழைய எழுத்துமுறைகளிலும் தமிழிலுமாக நிலக்கணக்கு, வரிக்கணக்கு, அரசாணை என்று ஒரு நாட்டின் நிர்வாகம் முழுவதும் அந்தச் சுருணைகளுக்குள் இருக்கிறது. இரண்டு விரல் அகல ஓலையில், புள்ளியும் இடைவெளியும் இல்லாமல், கடுகை வரிசையாக வைத்தாற்போன்ற எழுத்துகள். குளச்சல் போர் பற்றிய ஓலைகளுக்கு அங்கே தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றது நம் கடற்கரையில். அந்தப் போரில் பிடிபட்டுப் பின்பு திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாயின் கல்லறை நம் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அந்தப் போரின் எழுத்துச் சான்றைக் காண நான் எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தது. நான் நாகர்கோவில் பக்கம் என்று தெரிந்ததும் அங்கிருந்த ஊழியர் ஒருவர் தமிழிலேயே, “அப்போ இதெல்லாம் உங்க ஊர் ஓலைதானே” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடனே பதில் சொல்ல வரவில்லை.

அங்கிருந்து தலைமைச் செயலகம் வரை நடந்தேன். 1869இல் கட்டி முடித்த அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன்னே சிலையாக நிற்கும், திருவிதாங்கூரின் அமைச்சராக இருந்த வேலுத்தம்பி தளவாய், நம் கல்குளம் தாலுகாவின் தலக்குளத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தின் ‘சாலை’ கடைத்தெருவை உருவாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோடு தாலுகாவின் குன்னத்தூர்க்காரர். திருவிதாங்கூரின் தலைநகரமே 1795 வரை நம் மாவட்டத்துப் பத்மநாபபுரத்தில்தான் இருந்தது. இன்றும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் சென்று, பூசை முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். தலைநகர் மாறியபோதும் மாநிலம் பிரிந்தபோதும் சென்ற காகிதங்களும் ஓலைகளும் மட்டும் திரும்பவே இல்லை.

இது வரலாற்று ஆர்வலர்களின் குறை மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். என் தாய்மாமனின் புரையிடத்தை, அதாவது வீட்டு மனையை, ஒட்டிய வழிப்பாதை பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகராறு எழுந்தது. கையிலிருந்த ஆதாரம் கொல்லம் ஆண்டு 1112இல், அதாவது 1936–37இல், மலையாளத்தில் எழுதப்பட்டது. அதைப் படித்துச் சொல்ல மலையாளம் அறிந்த முதியவர் ஒருவரை மூன்று ஊர் தள்ளித் தேடிப் பிடித்தோம். அவர் படித்துக் காட்டியதில், அந்த நிலம் பதிந்து கொடுக்கப்பட்ட சர்க்கார் உத்தரவின் எண் மட்டும் கிடைத்தது. அந்த உத்தரவைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு மாதங்கள் நடந்த பிறகு, “அந்தக் கோப்பெல்லாம் இங்கே கிடையாது, திருவனந்தபுரத்தில் போய்ப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கே எந்தக் கட்டடத்தில், எந்தப் பிரிவில், யாரிடம் கேட்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. எழுபது வயதைக் கடந்த மாமா, போதும் என்று இரண்டு சென்ட் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இப்படி விட்டுக்கொடுத்த குடும்பங்களைப் பலரும் அறிவார்கள்.

மூல ஆவணங்களை நமக்கே தந்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவற்றைப் பொறுப்புடன் பேணி, மக்கள் பார்க்கவும் வைத்திருக்கும் கேரள அரசுக்கு நாம் நன்றி சொல்லவே கடமைப்பட்டிருக்கிறோம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய பழைய நான்கு தாலுகாக்களைப் பற்றிய ஓலைகளுக்கும் கோப்புகளுக்கும் மின்னுருப் படிகள் எடுத்துத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தமிழ்நாட்டு மண்ணில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரித்து வருவதைப் போல, இரு அரசுகளும் உடன்பட்டுச் செய்யும் காரியங்கள் நம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. கேரளத்திலிருந்து வந்துகொண்டிருந்த நெய்யாற்று நீர் விளவங்கோட்டுக்கு வராமல் நின்றுபோன வருத்தம் நமக்கு உண்டு. ஆனால் நீரைப் போலப் பங்கிட்டால் ஒரு பக்கம் குறைந்துவிடும் பொருளா ஆவணத்தின் படி? எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இதற்கான முதல் கடிதத்தை எழுதினால் போதும், பேச்சு தொடங்கிவிடும்.

படிகள் வந்தால் மட்டும் போதாது என்பதையும் ஒரு நூலகனாகச் சொல்ல வேண்டும். வட்டெழுத்தும் கோலெழுத்தும் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிச் சென்று ஆராய்ந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பள்ளி ஆசிரியராக இருந்தவர். அப்படிப்பட்ட உழைப்பு இன்று தனி மனிதர் ஆர்வத்தை மட்டும் நம்பி நடக்காது. தஞ்சை மராட்டியர் காலத்தில் மராத்தியை எழுதப் பயன்பட்ட ‘மோடி’ என்ற எழுத்தில் உள்ள ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. அதே பணியைக் குமரி ஆவணங்களுக்கும் அப்பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை மேற்கொண்டு, நம் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு இந்த எழுத்துகளைப் படிக்கப் பயிற்சியும் தர வேண்டும். தாள் ஆவணங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. எல்லையோரப் பள்ளிகளில் இன்றும் மலையாளம் படித்து வெளிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அறையும், இரண்டு கணினிகளும், மலையாளமும் பழைய எழுத்தும் அறிந்த ஒருவரும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். வெளியிடத் தடையில்லாதவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்திலும் ஏற்றலாம். மாவட்ட ஆட்சியரும், நம் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும், நாடாளுமன்ற உறுப்பினரும் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்த வகை ஆவணங்களை முதலில் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலையை, மாநாட்டுக்கு வந்திருந்த குமரி நூலகர்கள் நாங்கள் நால்வர் திரும்பும் ரயிலிலேயே தொடங்கிவிட்டோம். அரசு கேட்டால் உடனே அனுப்பி வைப்போம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.