மகளுக்கு, டுல்டுங் பற்றி

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் நீ வேலைக்குச் சேர்வது வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்று தம்பிதான் சொன்னான். சரி, உனக்கு வேலை நெருக்கடியாக இருந்திருக்கும். சாப்பாட்டை மட்டும் விடாதே.

நீ சட்டம் படித்தவள், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று அம்மாவைக் கேட்டுப் பார். டுல்டுங், அதாவது 'பொறுத்துக்கொள்ளல்' என்று பெயர் வைத்து, நாடுகடத்த முடியாதவரை இங்கே ஜேர்மனியில் கொஞ்சக் காலம் இருக்க விடும் கடதாசி, அதைப் பற்றி நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்றாலும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1900இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியல் சட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்து வளவிலிருந்து வரும் புகையும் மணமும் சத்தமும் பெரிய தொந்தரவாக இல்லாவிட்டால் காணிக்காரர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், அது கடமை. பிறகு 1965இல் வெளிநாட்டவர் சட்டம் வந்தது, அதுவரை நாசிகள் 1938இல் போட்ட பொலிஸ் விதிதான் இங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, யோசித்துப் பார். அந்தப் புதுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், நாடுகடத்தலைக் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்திவைக்கலாம் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதே சொல்லைப் போட்டார்கள். புகைக்கு 'வேண்டும்', மனிசருக்கு 'லாம்'. அந்த 'லாம்' மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் கையில் இருந்தது.

இப்போது அப்படி இல்லை, இப்போதைய வதிவிடச் சட்டத்தின் 60அ பிரிவில் அனுப்ப முடியாதவரை அனுப்பாமல் நிறுத்தியே ஆக வேண்டும் என்று இருக்கிறது, உனக்குத் தெரியும். ஆனால் கடதாசியில் இன்றைக்கும் குறுக்கே சிவப்புக் கோடு, இது வதிவிட அனுமதி அல்ல, வைத்திருப்பவர் நாட்டை விட்டுப் போக வேண்டியவர் என்று ஆச்சரியக்குறியோடு அச்சடித்திருக்கிறார்கள். அதை நீ நீட்டும்போது முகத்தைப் பார்த்துக் கதை.

எங்களுடையதை ஒவ்வொரு முறையும் நீட்டிப்பார்கள், மூன்று மாதம், ஆறு மாதம் என்று. மடித்து மடித்துக் கிழிந்த இடத்தில் அம்மா செலோடேப் ஒட்டிக் கொண்டுபோனால் அதற்கும் ஏச்சு விழும். நீ அப்போது அம்மாவின் மடியில் நித்திரை. ஏசியவர் கெட்ட மனிசர் என்று நான் நினைக்கவில்லை, அவர் ஒருநாளும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், முகத்தைப் பார்த்துக் கதை, கடதாசி கிழிந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் புதிதாக அடித்துக் கொடு.

எத்தனையோ வேலை இருக்க ஏன் இதை எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. தம்பிக்குச் சொன்னதை எனக்கும் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போன் எடு, அம்மாவோடு கதைத்து முடித்ததும் வைத்துவிடாமல் என்னிடமும் தரச் சொல்.

அப்பா