லேபை இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் இயற்பியல் துறை கணினி லேபில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நாலரை மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி காலையிலிருந்து ஓடவிட்டிருந்த கருந்துளைக் கணக்கு பாதியில் போயிற்று. அணைத்தவர் மேல் குறையில்லை, அவருக்கு இட்ட உத்தரவு அது. அந்த உத்தரவைத்தான் மாற்றக் கேட்கிறேன். லேப் இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும்.

"கருந்துளையைப் படித்து நம்ம பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகுது?" என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) நடுவிலுள்ள பெருங்கருந்துளை, தன்னை நோக்கி வரும் வாயுவை எல்லாம் விழுங்கிவிடுவதில்லை. அங்கே பிறக்கும் ஆற்றல் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி மண்டலத்துக்கு வெளியே துரத்துகிறது. அப்படி ஒரு கருந்துளையிலிருந்து பீறிடும், 2024-இல் அறிவிக்கப்பட்ட போர்ஃபிரியான் என்ற தாரைகளின் நீளம் சுமார் 2.3 கோடி ஒளியாண்டு. அவை புறப்பட்ட மண்டலத்தை அடையாளம் காண உதவியது புனே அருகிலுள்ள நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி. பேரண்டப் பருப்பொருளில் அணுக்களாலானது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான், மீதி கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் கரும்பொருள். ஆனாலும் வாயு இப்படிச் சிதறுவதால், சில பத்து லட்சம் ஒளியாண்டு அளவில் பொருள் திரளும் வலு சில கணினி மாதிரிகளில் 20 விழுக்காடுவரை குறைகிறது. 2023-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய யூக்ளிட் விண்கலம் அளப்பது இந்தத் திரட்சியைத்தான். கருந்துளையின் பங்கைக் கழிக்கத் தெரியாவிட்டால் கரும்பொருளைப் பற்றிய முடிவே பிசகும்.

அந்த மாணவி செய்வது இதுதான். கணினியில் உருவாக்கிய மாதிரிப் பேரண்டங்களான இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜியின் தரவை உலகில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கருந்துளையும் வாயுவும் உள்ள பேரண்டம் ஒன்று, வெறும் கரும்பொருளாலான அதன் இரட்டை ஒன்று. இரண்டிலும் திரட்சியை அளந்து ஒப்பிடுகிறாள். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வீட்டில் கணினி கிடையாது. அவ்வளவு பெரிய கோப்புகளைச் செல்போன் டேட்டாவில் இறக்கவும் முடியாது. வகுப்பு மூன்றரைக்கு முடிகிறது, நாலரைக்குப் பூட்டு. உலகமே திறந்து வைத்திருக்கும் தரவு அவளுக்கு மட்டும் ஒரு மணி நேரம்.

விழா என்றால் கலையரங்கில் இரவு பத்து மணிக்கும் விளக்கு எரிகிறது. லேப் என்றதும் மின்கட்டணம் பேசுகிறோம். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டது பக்கத்திலிருக்கும் கொடைக்கானலில். இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு வானியல் எதற்கு என்று எப்படிக் கேட்க மனம் வருகிறது?

கேட்க வந்தது ஒன்றே: எட்டு மணிவரை லேப். மேற்பார்வைக்குத் துறை ஆசிரியர்கள் முறைவைத்து இருப்போம், அதற்குத் தனி ஊதியம் வேண்டாம். பிராஜெக்ட் ஒப்படைக்கும் நாள் நெருங்குவதால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளாமல் இந்த வாரமே உத்தரவிடும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
மதுரை