மூன்று பின் ஓட்டையை நம்பாதே

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு அப்பா சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றாள், அதனால் "பார்க்கலாம்மா" என்று வைத்துவிட்டேன். தைப்பூசத்துக்கு வரும்போது குட்டிப்பையனுக்கு மூச்சு மருந்தைப் புகைபோல ஆக்கிக் கொடுக்கும் நெபுலைசரைக் காரிலேயே போடலாமா, கார் பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு 240 வோல்ட்டாக மாற்ற மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கிற 150 வாட் இன்வெர்ட்டர் போதுமா என்று கேட்டாய். எழுதிவிடுகிறேன், அவரும் படிக்கட்டும். அம்மாவிடம் மட்டும் காட்டாதே. ஏன் என்று பின்னால் வரும்.

நெபுலைசரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார். 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டு, பக்கத்தில் ஆம்பியர் இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கு. 0.6 என்று இருந்தால் 144 வரும். "150 தானே, ஆறு மிச்சம்" என்பார் மாப்பிள்ளை. ஆனால் உள்ளே இருப்பது கம்ப்ரசர். ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் 'பீப்' என்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். இன்னொன்று, மலிவான இன்வெர்ட்டரில் வருவது வீட்டு மின்சாரம் மாதிரி வழுவழுப்பான அலை இல்லை, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மோட்டார் முனகும், சூடேறும். அதற்கு 'ப்யூர் சைன்' என்று போட்டிருப்பதுதான் சரி.

எனக்குப் பயம் இன்வெர்ட்டரில் இருக்கிற அந்த மூன்று பின் ஓட்டைதான். பார்த்தால் வீட்டுச் சுவரில் இருப்பது போலவே இருக்கும். வீட்டில் அது 13 ஆம்பியர், 3,000 வாட்டுக்கு மேல் தாங்கும். காரில் அதற்குப் பின்னால் இருப்பது சிகரெட் பற்றவைக்கச் செய்த துளை. சில நொடி சூடாகி 'டக்'கென்று வெளியே குதிக்கிற ஒரு குமிழுக்காகச் செய்தது. அதன் ப்யூஸ் பல வண்டிகளில் 15 ஆம்பியர், சிலதில் 10. 12 வோல்ட்டில் 15 என்றால் 180 வாட், அதிலும் பத்தில் ஒரு பங்கை இன்வெர்ட்டரே சூடாகத் தின்றுவிடும். பிளக் நுழைகிறதே என்று சின்ன ரைஸ் குக்கரைச் சொருகிவிடாதே. 400 வாட் குக்கருக்குப் பேட்டரிப் பக்கம் 35 ஆம்பியருக்கு மேல் போகும்.

பட்டறை வைத்திருந்த காலத்தில் ஒருவர், ப்யூஸ் அடிக்கடி போகிறது என்று, சிகரெட் பெட்டி ஈயத்தாளை அதன்மேல் சுற்றிப் போட்டிருந்தார். ப்யூஸ் பிழைத்தது, வயர் போய்விட்டது. டேஷ்போர்டைக் கழற்றினால் சிவப்பும் கறுப்பும் ஒன்றோடொன்று உருகி, கருகிய முறுக்கு மாதிரி கிடந்தது. அந்த நாற்றம் என் கையில் இரண்டு நாள் இருந்தது.

அவரைச் சொல்லி நான் சிரித்தவன். என் கதையைக் கேள்.

2017 நவம்பர் 4 ராத்திரி, அந்தப் பேய்மழை. நீ கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தாய், "நாங்கள் நன்றாக இருக்கிறோம்" என்று மெசேஜ் போட்டேன். நம் வீட்டில் தண்ணீர் வாசல் கேட்டோடு நின்றது, கரண்ட்தான் இல்லை. அம்மாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. 30 வருஷம் வயரிங் பார்த்தவன் சும்மா இருப்பேனா? போர்ச்சில் நின்ற புரோட்டான் சாகா காரில் இன்வெர்ட்டரை மாட்டி, ஜன்னல் வழியாக வயர் இழுத்து, மேசைக் காத்தாடியை ஓடவிட்டேன். என்ஜினைப் போடவில்லை. புகை வீட்டுக்குள் வந்தால் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும், அந்த புத்தி இருந்தது. காத்தாடி 50 வாட், நஷ்டத்தோடு பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 40 ஆம்பியர்-மணி. பேட்டரியே 45தான். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததா? இரண்டு மணி நேரத்தில் எழுந்து நிறுத்தலாம் என்று படுத்தேன். காத்து பட்டதும் தூங்கிவிட்டேன். இன்வெர்ட்டர் கத்தியிருக்கும், மழையில் யாருக்குக் கேட்டது.

விடியும் நேரம் அம்மாவுக்கு இழுப்பு. சாவியைத் திருப்பினேன். 'டிக்'. மறுபடியும் 'டிக்'. ஆட்டோ கியர் வண்டி, தள்ளியும் கிளப்ப முடியாது. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகுதான் எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் தன் வேனைக் கொண்டுவந்து ஜம்பர் கேபிள் கொடுத்தார். சீட்டில் கிடந்த இன்வெர்ட்டரையும் என்னையும் ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து வைத்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த வேன் வரும்வரை பின்சீட்டில் உன் அம்மா மூச்சுக்கு இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பேட்டரி பழசு என்றுதான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் சொல்கிறேன். கார் பேட்டரி, ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்கு மேல் கொடுத்து என்ஜினைக் கிளப்பச் செய்தது. அடிவரை வடிக்கிற பேட்டரி வேறு. பிள்ளைக்கு இளைப்பு இருக்கிற வீட்டில் வண்டி எப்போதும் கிளம்பணும், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தத் தடவை கிளம்பும் முன் வீட்டிலேயே மருந்து போட்டுவிடு. 350 கிலோமீட்டர்தானே, வழியில் தாப்பாவில் நிறுத்திப் பிள்ளையைப் பார்த்துக்கொள். பேட்டரியில் ஓடுகிற கையடக்க நெபுலைசர் அவனுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேள். ஒத்துவந்தால் இந்தத் தலைவலியே இல்லை. உன் லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் வேண்டாம். 12-ஐ 240 ஆக்கி, சார்ஜர் அதை மறுபடி 20-க்கு இறக்குவது வீண் வேலை. காரில் நேராகச் சொருகும் சார்ஜர் போதும்.

300 வாட் ப்யூர் சைன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நீ வந்ததும் பேட்டரியிலிருந்தே 10 சதுர மில்லி வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 40 ஆம்பியர் ப்யூஸ் போட்டுத் தருகிறேன். என்ஜின் ஓடும்போது மட்டும் அதைப் பயன்படுத்து.

முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைப் பக்கம் தைப்பூசத்துக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள், முதல் நாளே வந்துவிடுங்கள். ஓடி வந்த சூட்டில் பேட்டரி பொய் சொல்லும், ராத்திரி நிற்கட்டும். காலையில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டணும். 12.2-க்குக் கீழே என்றால் புதுசு மாத்திவிட்டுத்தான் வயரைத் தொடுவேன். அந்தச் செலவு மாப்பிள்ளையுடையது.

அப்பா